கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய எழுத்துகள்

2020 ஜூன் மாதம் எங்கள் பெரியவளுக்கு நான்கு வயது. எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். பள்ளிக்கூடம் என்று அவள் கண்டது என் கைபேசித் திரையை மட்டும்தான். காலை ஒன்பதரைக்கு வகுப்பு தொடங்கும். சின்னச் சின்னக் கட்டங்களில் சின்னச் சின்ன முகங்கள் தெரியும். பத்தே காலுக்கு முடிந்துவிடும். அதன்பிறகு வீட்டுப்பாடம் வரும். அன்றாடம் ஒரு பக்கம் முழுவதும் 'அ' எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

'அ' தமிழின் முதல் எழுத்து என்பதால் அதுவே எளிய எழுத்து என்று நானும் நினைத்திருந்தேன். பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது எத்தனை கடினமான எழுத்து என்று புரிந்தது. சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும், பிறகு மேலிருந்து கீழே இறக்க வேண்டும். அவள் அழுத்திய அழுத்தத்தில் பென்சில் முனை நாளுக்கு மூன்று தடவை ஒடிந்தது. ஒருநாள் நோட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அதற்குள் அவளுக்கு நோட்டைப் பார்த்தாலே கை பின்னால் போய்விடும் பழக்கம் வந்திருந்தது. நானும் கணவரும் பல இரவுகள் பேசினோம். நான் பொள்ளாச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை வீட்டுக்கே வந்துவிட்டிருந்தது. அவருக்குத் தோப்பு வேலை. ஆளுக்கு ஒரு பொழுது என்று பிரித்துக்கொண்டால் குழந்தையோடு ஒருவர் எப்போதும் இருக்க முடியும். இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தோம்.

அத்தை அன்று சாப்பிடவில்லை.

கோபித்துக்கொள்ளும் மனுஷி அல்ல அவர். மறுநாள் காலையில் முற்றத்தில் தேங்காய் நார் உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அம்மிணி, என்னை ஆடு மேய்க்க அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் மேட்டுக்காடு வரைக்கும் கேட்கும். எனக்குக் கிடைக்காததைப் பேத்திக்கு நீயே வேண்டாம் என்கிறாயே, இது சரியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. பள்ளிக்கூடம் என்பது இந்த மண்ணில் கெஞ்சியும் போராடியும் பெற்ற ஒன்று. ஒருவர் வீட்டில் இருக்க முடிகிற, வீட்டில் நான்கு புத்தகம் வாங்க முடிகிற குடும்பம்தான் அதை விட்டு விலகி நிற்க முடியும். வீட்டுக்கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன். "இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் அத்தை, அவளே போகிறேன் என்று சொல்லும் நாளில் நானே கொண்டுபோய் விடுகிறேன்" என்றேன். அவர் நாரை உரித்துக்கொண்டே இருந்தார்.

சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்வி என்ற ஏற்பாடும் அதில் இல்லை. அதே சட்டம், பள்ளியில் சேராமல் இருந்துவிட்ட குழந்தை எப்போது வந்தாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எங்களுக்குத் தைரியம் கொடுத்தது இந்தக் கடைசி வரிதான். பெரிய பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை நம்புகிறார்கள். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் அங்கே உண்டு, 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வும் எழுதலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

முதல் நான்கு மாதங்கள் பணத்தையும் பொறுமையையும் வீணாக்கினேன். பயம் வந்தால் கை வாங்கத்தான் போகிறது. வெளிநாட்டில் தயாரித்த ஒரு பாடத்தொகுப்பை விலை கொடுத்து இறக்கி, அச்செடுத்து, தைத்து வைத்தேன். நல்ல தாள், அழகான படங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு பொருள். மூன்றாம் வாரம் பனிமனிதன் வந்தான். ஆறாம் வாரம் மரத்தின் இலைகள் எல்லாம் சிவந்து உதிர்ந்தன. "அம்மா, நம் தென்னை மரம் எப்போது சிவக்கும்?" என்று கேட்டாள். ஆனைமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வாசலில் இல்லாத பருவகாலங்களை அவளுக்கு மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து எங்கள் ஓட்டைத் தூக்கிப்பார்க்கும். அது அந்தத் தொகுப்பில் எந்த வாரத்திலும் இல்லை.

தமிழுக்கு அந்தத் தொகுப்பில் எதுவும் கிடையாது என்பதால், ஆங்கிலத்துக்குச் சொன்ன முறையையே தமிழுக்கும் வைத்தேன். எழுத்துக்கு ஒரு படம், ஒரு ஒலி. அம்மா, ஆடு, இலை, ஈ. ஒரு மாதத்தில் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் பாட்டாகப் பாடினாள். பேருந்தில் போகும்போது ஊர்ப்பலகையைக் காட்டி "படி கண்ணு" என்றேன். விழித்தாள். பலகையில் 'கோட்டூர்' என்றிருந்தது. அவள் கற்ற எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.

அன்றைக்கு எனக்கு உறைத்தது. தமிழில் உயிரெழுத்து தன் சொந்த உருவத்தோடு சொல்லின் தலையில் மட்டும்தான் வரும். அளபெடையை விட்டால் நடுவிலும் கடைசியிலும் வராது. அங்கெல்லாம் காலாகவும் கொம்பாகவும் சுழியாகவும் உருமாறி மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு உயிரையும் கற்று முடித்த குழந்தையால் ஒரு முழுச் சொல்லைப் படிக்க முடியாது. ஔவையாரைத் தவிர வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத ஔ முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது. எல்லாச் சொல்லிலும் கிடக்கிற 'ம்' ஆறு மாதம் கழித்து வருகிறது. சுவரில் மாட்டுகிற 247 எழுத்து அட்டவணை மொழியின் கணக்கைக் காட்டுகிறது. படிக்கும் வரிசை அதுவல்ல. அந்த அட்டவணையில் ஒரு முழு வரிசை ங, ஙா, ஙி என்று போகிறது. அந்த வரிசையை வைத்துக்கொண்டு குழந்தை எந்தச் சொல்லைப் படிக்கும்?

அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. அவற்றைச் சதுரமாக வெட்டி ஆறு எழுத்து எழுதினேன்: ட, ப, ம, க, ல, ர. புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை. அட்டையின் தலையில் கொட்டையை வைத்தால் 'ம' 'ம்' ஆகிவிடும். ட என்பது இரண்டு கோடு. ப மூன்று கோடு. அழுத்தி எழுதினாலும் பென்சில் ஒடியாது. இந்த ஆறு எழுத்தையும் சில புளியங்கொட்டைகளையும் வைத்துக்கொண்டு படம், மடம், மரம், கல், பல், பகல், கடல், பட்டம், பக்கம், கட்டம், கம்பம், மடல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, நான் அடுப்பில் இருந்தேன். திண்ணையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் "க... ப்... ப... ல்" என்று முனகினாள். இன்னொரு தடவை சொன்னாள். பிறகு சத்தமாக "கப்பல்! அம்மா, கப்பல்!" என்றாள். அந்தச் சொல்லை நான் அவளுக்குக் காட்டியதே இல்லை. கைக்குக் கிடைத்த அட்டைகளை அவள் பாட்டுக்கு அடுக்க, அதில் ஒரு கப்பல் வந்து நின்றிருந்தது. தாளிப்பு கருகிப்போனது.

அதில் ஒன்று கவனித்தேன். அதை இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். கப்பல், கம்பம் இரண்டிலும் இருப்பது ஒரே ப. ஆனால் இரட்டித்து வரும்போது அது வலித்து ஒலிக்கிறது. மெல்லினத்தின் பின்னால் வரும்போது மெலிந்து ஒலிக்கிறது. கடலின் ட வேறு, கட்டத்தின் ட வேறு. கல்லின் க வேறு, பகலின் க வேறு. 'ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி' என்ற வழியில் போயிருந்தால் இதை எப்படி விளக்குவது என்று திணறியிருப்பேன். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. சொல் இன்னதென்று பிடிபட்ட அடுத்த நொடியில் வாய் சரியான ஒலிக்குத் தானாகவே மாறிக்கொண்டது. ஏனென்றால் அந்தச் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே அவள் காதில் இருந்தன. இரண்டு வயதிலிருந்தே அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்பெல்லாம் சுற்றி, பார்த்ததற்கெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே போன அத்தை போட்டுவைத்தவை அவை. எழுத்தறியாத அத்தைதான் என் மகளுக்குப் படிப்பின் முக்கால் பங்கைச் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தார். நான் செய்தது மீதி.

அதனால்தான் புத்தகமோ கருவியோ வாங்குமுன் நான் இப்போது முதலில் பார்ப்பது, அதிலுள்ள சொற்கள் இந்தக் குழந்தையின் காதில் இருக்கின்றனவா என்பதைத்தான். வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே அட்டைகளை அனுப்பச் சொல்லிச் சில உறவினர்கள் கேட்டார்கள். அட்டையை அனுப்பினேன்; அதற்கு முன் ஆறு மாதம் தினமும் கதை சொல்லுங்கள் என்றும் எழுதினேன்.

உயிர்மெய்க் குறிகளுக்கும் அட்டைதான். கால் குறியை (ா) முதலில் வைத்தோம்: மரம் இருக்கிற இடத்தில் ஒரு கால் வைத்தால் மாரம், அப்படி ஒரு சொல் இல்லை என்று சிரிப்பாள், படம் பாடம் ஆகும், பலம் பாலம் ஆகும். கொம்பில் தடுமாறினாள். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'பெட்டி' என்பதை 'எப்பட்டி' என்று பல நாள் படித்தாள். தப்பு அவளுடையது அல்ல; கண் இடமிருந்து வலமாகப் போகும்போது அப்படித்தான் படிக்கும். பிறகு கொம்பைத் தனி அட்டையாக வெட்டி, 'ப'வை முதலில் வைத்து, சொல்லிவிட்டு, அதன் இடப்பக்கம் கொம்பைக் கொண்டுவந்து ஒட்டச் சொன்னேன். ஒரே வாரத்தில் சரியானது. கெ என்பதன் வலப்பக்கம் கால் வைத்தால் கொ ஆகிறது என்பதை அவளே கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னாள். உகரத்தை மட்டும் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம்: கு, மு, ரு ஒரு வீடு, சு, பு, வு ஒரு வீடு, து, நு, லு ஒரு வீடு.

மாமனாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பாடப்புத்தகம் கிடைத்தது. அதில் 'லை' வேறு மாதிரி இருந்தது, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய அச்சு. "இந்த ல யானை வேஷம் போட்டிருக்கிறது" என்றாள். அந்தப் பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதுவதற்கு நோட்டுக்குப் பதில் மணல் வைத்தோம். முறத்தில் சலித்த ஆற்றுமணல். விரலால் எழுதலாம், தப்பினால் குலுக்கிவிடலாம், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிக்க எதுவும் இருக்காது. இது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதை வைத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. இங்கிருந்து போன மணல் எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. நான்தான் என் குழந்தைக்கு நான்குகோட்டு நோட்டைக் கொடுத்து அழவைத்திருந்தேன்.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரால் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய சொரசொரப்பான எழுத்து அட்டைகள் இன்று பெட்டியாக, நல்ல விலைக்கு விற்கின்றன. பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். வன்பொருள் கடையில் நான்கு உப்புத்தாள் வாங்கி, வளைந்த எழுத்துகளை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டினேன். ழ, ண, இ, அ. கடைசியில் 'அ'வை அவள் விரலால் தடவித் தடவித்தான் கற்றாள். அப்போது ஐந்தே முக்கால் வயது. ஒருநாள் கேட்காமலேயே பென்சிலை எடுத்து எழுதிவிட்டுப் போனாள்.

கதைப் புத்தகம்தான் பெரிய தேடல். பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் வருகிற தமிழ் வேறொன்று. 'மழை வந்துகொண்டிருக்கிறது' என்று வாசித்தால் "யாரம்மா இப்படிப் பேசுவார்கள்?" என்று கேட்டாள். பதிலாக ஒன்றும் சொல்லவில்லை. தினமும் இரவில் அரைமணி நேரம் அந்தத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூன்று மாதத்தில் தன் பொம்மைக்கு அதே நடையில் கதை சொன்னாள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவள் பேரில் உறுப்பினர் அட்டை போட்டோம். விடுதலைக்குப் பிறகு பொது நூலகங்களுக்கென்று இந்த நாட்டில் முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். அந்தச் சட்டத்தின் பயனாக வந்த சின்ன ஓட்டுக் கட்டடங்களை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். இணையத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கிறது. 2015 முதல் இலவசமாகப் படக்கதைகள் தருகிறார்கள், வாசிப்பு நிலை பிரித்து, தமிழிலும். ஆனால் பல கதைகள் வேறு மொழியிலிருந்து வந்தவை. நான் முதலில் தனியாகச் சத்தம்போட்டு வாசித்துப் பார்ப்பேன். நாக்கு இடறினால் அந்தக் கதை வேண்டாம். சென்னையின் தூலிகா வெளியிடும் படப்புத்தகங்களையும் நேஷனல் புக் டிரஸ்டின் மெல்லிய புத்தகங்களையும் புத்தகக் காட்சியில் பார்த்துப் புரட்டித்தான் வாங்குவோம்.

அரசுப் புத்தகங்களை நான் முதலில் தொடவில்லை. அது என் அகந்தை. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சி நூலை வாங்கிப் பார்த்தேன். வகுப்பைப் பாராமல் குழந்தை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருந்தார்கள். படங்களில் எங்கள் ஊர் இருந்தது. கடையில் நான் விலை கொடுத்து வாங்கிய எதைவிடவும் அது என் மகளுக்குப் பொருந்தியது.

கணக்குக்கு அதிகம் தேடவில்லை. அத்தையின் பல்லாங்குழி இருந்தது: பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, எழுபது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் அவள் முத்தைத் தொடாமல் கண்ணாலேயே எண்ணினாள். தென்னை ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பத்துகளைப் பழக்கினோம். எண்பது வரை தடையில்லை. தொண்ணூறு வந்ததும் நின்றுவிட்டாள். "ஒன்பது பத்து எப்படி நூறு ஆகும்?" நானும் அதுவரை யோசித்ததில்லை. தொண்ணூறுக்குள் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பேரைக் கடன் வாங்கியிருக்கிறது" என்று அத்தை சொன்ன விளக்கத்தையே அவள் ஏற்றுக்கொண்டாள்.

எங்களால் கொடுக்க முடியாதது ஒன்றும் இருந்தது. மாலை நான்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாசல் வழியாகப் போகும்போது அவள் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஞாயிறு விளையாட்டும் உறவுக்காரப் பிள்ளைகளும் அந்த இடத்தை நிரப்பவில்லை. இரண்டு ஆண்டு என்று நினைத்தது இரண்டரை ஆண்டு ஆனது. 2024 பொங்கல் முடிந்ததும் ஒரு இரவில் "எனக்கும் அந்த மணி அடிக்கிற இடத்துக்குப் போக வேண்டும்" என்றாள். ஜூனில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். தலைமை ஆசிரியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், வாசித்தாள். சொன்னபடி நானே கொண்டுபோய் விட நினைத்திருந்தேன். அத்தை முந்தைய நாளே புதுச்சேலை எடுத்து வைத்திருந்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் பிள்ளையை விட்ட பிறகும் அத்தை கிளம்பவில்லை. மணி அடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு வந்தார்.

இப்போது சின்னவனுக்கு நான்கு வயது. என்னிடம் தேர்ந்த வரிசை இருக்கிறது என்ற நிம்மதியில் போன வாரம் அட்டைப் பெட்டியை எடுத்தேன். ட, ப, ம, க, ல, ர. வரிசையாக வைத்தேன். அவன் எதையும் தொடவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி உப்புத்தாள் 'ழ'வை எடுத்து, "இது என்னம்மா?" என்றான். சொன்னேன். "பழத்தில் வருமே, அதுவா?"

"அதுவேதான்."

"எனக்கு இதுதான் வேண்டும்."

ட-வை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ப இருக்கிறது, ம இருக்கிறது, புளியங்கொட்டை இருக்கிறது. வெள்ளை அட்டை தீர்ந்துவிட்டது. இந்த மாதம் இரண்டு கல்யாணம் இருக்கிறது, பத்திரிகைகளை யாரும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.